மிதித்தால் கூவும் காடி: கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

பிறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "அண்ணே, என் காடி 2010 மாடல், 1.3, நான்கு கியர் ஆட்டோ, எண்ணெய் ஊற்றுகிற பவர் ஸ்டீயரிங். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் பாலம் ஏறி பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். ஒரு மாதமாக மிதித்தால் 'ஊய்ங்ங்' என்று ஒரு சத்தம். மிதிக்க மிதிக்க ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. வேலை முடிந்து இரவு மழையில் வரும்போது ரொம்ப அதிகம். மூன்று மாதத்துக்கு முன் பெல்ட் கீச்சிட்டதால் புதிது போட்டேன். இப்போது ஒரு பட்டறையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போய்விட்டது, ஹாஃப்கட் கியர்பாக்ஸ் (பழைய காடியிலிருந்து கழற்றியது) போட 2,800 வெள்ளி ஆகும் என்கிறார்கள். போடலாமா?"

இப்போதைக்குப் போடாதீர்கள் தம்பி. கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு அது கெட்டுப்போனது என்று யாராலும் முடிவு சொல்லவும் முடியாது. மிதித்தால் ஏறுகிற சத்தம் கியர்பாக்ஸில் வரலாம், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரில் வரலாம், பவர் ஸ்டீயரிங் பம்பில் வரலாம், சில பத்து வெள்ளி விலையுள்ள ஓர் ஐட்லர் புல்லியிலும் (பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் சின்னச் சக்கரம்) வரலாம். புக்கிட் மெர்தாஜாமில் இருபத்தைந்து ஆண்டாக இந்த வேலையில் இருக்கிறேன். வேறோர் இடத்தில் சங்கிலியை அடகு வைத்து கியர்பாக்ஸ் மாற்றிய ஓர் ஆசிரியை, சத்தம் அப்படியே இருக்கிறது என்று என்னிடம் வந்தார். பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை முடுக்கினேன், சத்தமே இல்லை. ஐட்லர் பேரிங் ஒன்றுதான் கூவிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்: சத்தம் எதன் பின்னால் போகிறது? எஞ்சின் சுற்றின் பின்னாலா, சக்கரத்தின் பின்னாலா, இழுக்கும் பாரத்தின் பின்னாலா? இதற்குக் காசு வேண்டாம், காது இருந்தால் போதும்.

காடியில் சுற்றுகிற எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. உங்கள் டயர் 175/65, 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.83 மீட்டர் உருளும். பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 730 தடவைதான் சுற்றுகிறது. எஞ்சின் அப்போது 2,300, 2,400 சுற்றில் இருக்கும். ஆல்டர்நேட்டரின் புல்லி சின்னது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது இரண்டு முதல் மூன்று சுற்று சுற்றிவிடும். கணக்குப் போட்டால் 5,000, 6,000 என்று போகிறது. சக்கர பேரிங் கெட்டால் தூரத்தில் லோரி வருகிற மாதிரி அடித்தொண்டையில் உறுமுவதும், ஆல்டர்நேட்டரோ ஐட்லரோ கெட்டால் கொசு காதுக்குள் புகுந்த மாதிரி கூவுவதும் இதனால்தான். நீங்கள் எழுதியிருக்கும் 'ஊய்ங்ங்' இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். ஆனால் எழுத்தில் படித்த சத்தத்தை நம்பி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சோதித்துப் பாருங்கள்.

முதல் சோதனை வீட்டு வாசலில். காடியை பார்க்கிங் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, நண்பர் ஒருவரை உள்ளே உட்கார்த்தி மெதுவாக 2,500, 3,000 சுற்று வரை மிதிக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே அந்தச் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. சக்கரம் சுற்றவில்லை, சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சுற்றவில்லை, டயர் சுற்றவில்லை. சந்தேகப் பட்டியலிலிருந்து இவை மூன்றையும் எடுத்துவிடலாம்.

கியர்பாக்ஸையும் எடுத்துவிடலாமா என்றால், அவசரப்படக் கூடாது. இங்கேதான் அனுபவமுள்ள பட்டறைப் பொமென்கூடச் சில நேரம் தவறுவார். ஆட்டோ கியர்பாக்ஸில் எண்ணெயை அழுத்தி அனுப்ப ஒரு பம்ப் இருக்கிறது. அது, எஞ்சினின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு சேர்ந்து எஞ்சின் வேகத்திலேயே சுற்றும், நீங்கள் எந்தக் கியரில் இருந்தாலும் சரி. கியர் எண்ணெய் குறைந்திருந்தாலோ வடிகட்டி அடைத்திருந்தாலோ அந்தப் பம்ப் நின்ற இடத்திலும் கூவும். ஆகவே இந்தச் சோதனை சக்கரப் பக்கத்தை விடுவிக்கும், கியர்பாக்ஸை முழுதாக விடுவிக்காது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது சோதனை ஓட்டத்தில். போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, இடது தடத்தில் 70 கிலோமீட்டரில் சீராகப் போங்கள். கியர் கம்பியில் ஓவர்டிரைவ் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு இறங்கும். வேகம் அப்படியே இருக்கும்படி காலை வைத்துக்கொண்டால், எஞ்சின் சுற்று மட்டும் ஏறக்குறைய ஆயிரம் கூடும். சத்தத்தின் சுருதியும் கூடவே ஏறினால் அது எஞ்சின் பக்கம். சுருதி அசையாமல் இருந்தால் சக்கரத்தின் பக்கம். ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளிப் பார் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் போக்குவரத்தில் அதைச் செய்யாதீர்கள். இந்தப் பொத்தானே அதே பதிலைத் தந்துவிடும்.

மூன்றாவது பாரத்துக்கானது. தினமும் பாலம் கடக்கிற உங்களுக்கு இது சுலபம். கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா? ஏறும்போது கொஞ்சம் மிதிக்க வேண்டும், இறங்கும்போது கால் தானாகத் தளரும். வேகம் ஒன்றுதான், பாரம் மட்டும் மாறுகிறது. ஏறும்போது கூவி, இறங்கும்போது அதே வேகத்தில் அடங்கினால் பாரத்தைத் தாங்குகிற பொருளைப் பார்க்க வேண்டும், அதாவது கியர் பற்கள், டிஃபரென்ஷியல் பேரிங் போன்றவை. பாலத்தின் மேடு போதவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவ் ஏறிப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் கியர்பாக்ஸ் எதையும் மறைக்க முடியாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்குள்ளேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, இரவு மழையில் சத்தம் அதிகம் என்றது. இரவில் மழையில் வரும்போது என்னென்ன போடுகிறீர்கள்? முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 110 வாட். வைப்பர். கண்ணாடி மூடுபனி பிடிக்காமல் இருக்க ஏர்கோன் காற்று கூடுதலாக. பின்கண்ணாடியின் சூட்டுக் கம்பி, அது மட்டுமே முன்விளக்குகள் அளவுக்கு மின்சாரம் தின்னும். இத்தனைக்கும் மின்சாரம் கொடுப்பது ஆல்டர்நேட்டர். மின்சாரம் அதிகம் கேட்டால் அதைச் சுற்றுவது கனமாகிறது, பெல்ட் இன்னும் பலமாக இழுக்கிறது, அந்த இழுவை முழுவதும் அதன் முன் பேரிங்கில் விழுகிறது. பேரிங் தேய்ந்திருந்தால் அப்போதுதான் வாய் திறக்கும். கியர்பாக்ஸுக்கு வெளியே மழை பெய்வதும் தெரியாது, விளக்கு எரிவதும் தெரியாது.

மழைத் தண்ணீர் பட்டு பெல்ட் வழுக்கினாலும் சத்தம் வரும், ஆனால் அது 'கீச்' என்று அறுந்து அறுந்து வரும். பெல்ட் சத்தமா என்று சந்தேகமாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சற்று நின்று திரும்பி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டுமே இல்லாமல் ஒரே மாதிரி கூவிக்கொண்டிருந்தால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்குகளைத் தேடுங்கள்.

இரண்டாவது தடயம் அந்தப் புதுப் பெல்ட். கீச்சிட்ட பெல்ட்டை மாற்றுகிறவர், இனி கீச்சிடவே கூடாது என்று அளவுக்கு மேல் முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கீச் நின்றுவிடும், காடிக்காரரும் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் வீணைத் தந்தி மாதிரி இறுக்கிய பெல்ட் ஆல்டர்நேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் நாள் முழுக்கப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் ஏற்கெனவே வயதான பேரிங் போய்விடும். உங்கள் காடியில் நாள்கணக்கு பொருந்தி வருகிறது. புல்லிகளுக்கு இடையே பெல்ட் நீளமாகத் தெரியும் பகுதியில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். சரியான அளவு காடிக்குக் காடி மாறும், ஆனால் விரலுக்குக் கொஞ்சமும் அசையாவிட்டால் இறுக்கம் அதிகம்.

இப்போது கியர்பாக்ஸை விடுவிக்கும் வழி. எஞ்சின் ஆறிய பிறகு பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினை முடுக்கி, அரை நிமிடம் மட்டும் மிதித்துப் பார்த்து நிறுத்திவிடுங்கள். பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கனக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பல காடிகளில் இந்த பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது, எஞ்சின் சீக்கிரம் கொதித்துவிடும். பெல்ட் இல்லாதபோது சத்தம் செத்துவிட்டால், அது பெல்ட்டில் தொங்குகிற ஏதோ ஒன்று. கியர்பாக்ஸ் பம்ப் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அது சத்தம் போடவில்லை. வழக்கு முடிந்தது. 2,800 வெள்ளி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

பெல்ட் கழன்றிருக்கும்போதே ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, விரல் நுனியால் ஐட்லரை மெதுவாகத் தள்ளுவேன். நல்ல பேரிங்கின் உள்ளே கிரீஸ் இருக்கிறது, அதனால் அது கொஞ்சம் தயங்கி, ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும், சத்தம் இருக்காது. தட்டிவிட்டதும் சைக்கிள் சக்கரம் மாதிரி நிற்காமல் 'சர்ர்ர்' என்று ஓடினால் நன்றாகச் சுற்றுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கிரீஸ் காய்ந்து போயிற்று என்று அர்த்தம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மிக மெதுவாகச் சுற்றுங்கள். தேய்ந்த பேரிங்கில் விரலுக்கு ஒரு மணல் தட்டுப்படும், சீனி சிந்திய மேசையில் தம்ளரை நகர்த்துகிற மாதிரி. பிறகு புல்லியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் பம்ப் புல்லி ஆடினால், அல்லது அதன் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிந்திருந்தால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் மாற்றுங்கள்.

பெல்ட்டைக் கழற்ற வசதியில்லாதவர்கள் நீண்ட ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்கலாம். எஞ்சின் ஓடும்போது முனையை ஆல்டர்நேட்டரின் அசையாத உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். பம்ப், கம்ப்ரசர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டால், கெட்டது எது என்று சந்தேகமே இருக்காது. நல்லது ஒரு சீரான இரைச்சல், கெட்டது அரவை. ஆனால் மிகவும் கவனம். நீளக் கை சட்டை, தொங்கும் துப்பட்டா எதுவும் கூடாது. கையில் தண்ணீர்மலைக் கோயில் கயிறு கட்டியிருந்தால் அதன் தொங்கல் நுனியைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் கொள்ளாமல் ஓட ஆரம்பிக்கும்.

ஆல்டர்நேட்டர்தான் என்று தெரிந்தால் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பேரிங்கா, உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடா? எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். எல்லா விளக்கையும் போட்டால் அது 13க்குக் கீழே விழுகிறது, ரேடியோவிலும் எஞ்சின் சுற்றோடு ஒரு ஊளை ஏறி இறங்குகிறது என்றால் டயோடைச் சந்தேகியுங்கள். மின்னழுத்தம் சரியாக இருந்து வெளியே மட்டும் கூவினால் பேரிங். பேரிங் மாற்றப் புது ஆல்டர்நேட்டர் வாங்க வேண்டியதில்லை. ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர் மட்டும் பார்க்கிற மின்வேலைக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். பேரிங் மேலேயே எண் அடித்திருக்கும். சிறிய காடிகள் பலவற்றில் முன் பேரிங் 6303: உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. பழையதைக் கையில் எடுத்துப் போய் அதே எண்ணை வாங்குங்கள், பெயர் தெரியாத மலிவுப் பேரிங் வேண்டாம். ஆல்டர்நேட்டரைத் திறந்தபோதே பின் பேரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அடி வாங்கிய பேரிங் புதிதாக இருக்கும்போதே கூவும்.

உங்கள் காடியில் பவர் ஸ்டீயரிங் பம்பும் இருப்பதால் அதையும் ஒரு நிமிடம் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பும்போது கூவல் கூடினால் அதுதான். கடைசி வரை திருப்பி ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். எண்ணெய் டப்பாவைத் திறந்தால் மேலே தே தாரேக் மாதிரி நுரை பொங்கி நிற்கும், காற்று உள்ளே இழுக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் கல்லாகியிருக்கும். அதைச் சரிசெய்து, மூடியில் எழுதியிருக்கும் எண்ணெயை ஊற்றி, எஞ்சினை நிறுத்தியபடி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை திருப்பினால் காற்று வெளியேறிவிடும். இப்போது வரும் புதுக் காடிகளில் ஸ்டீயரிங் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தத் தொல்லையே இல்லை. ஏர்கோன் கம்ப்ரசரைச் சோதிக்கப் பொத்தானை அழுத்தி அணைத்தால் போதும், சத்தம் கூடவே வந்து கூடவே போகும்.

உண்மையிலேயே கியர்பாக்ஸாக இருந்தால் எப்படித் தெரியும்? பெல்ட்டைக் கழற்றியும் சத்தம் நின்ற இடத்தில் இருந்தால் கியர்பாக்ஸ் பம்பைச் சந்தேகியுங்கள். பிரேக்கை மிதித்தபடி டிரைவில் போட்டால் மட்டும் வந்து, நியூட்ரலில் அடங்கினால் டார்க் கன்வெர்ட்டர் பக்கம். ஓட்டத்தில் ஒன்று, இரண்டாம் கியரில் கூவி, மூன்றாம் கியரில் நின்றுவிட்டால் உள்ளே உள்ள கோள்கியர் தொகுதி. நான்கு கியர் ஆட்டோவில் மூன்றாம் கியர் பெரும்பாலும் நேர்க்கியர், அப்போது அந்தத் தொகுதி முழுவதும் ஒரே கட்டியாகச் சுற்றும், பற்கள் ஒன்றையொன்று அரைக்காது. எந்தக் கியரானாலும் ஒரே வேகத்தில், மிதிக்கும்போது மட்டும் கூவினால் டிஃபரென்ஷியல்.

அப்போதும் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், குளிர்ந்த காடியில் பார்த்தால் தவறான அளவு காட்டும். நல்ல எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்து, கருகிய வாடை அடித்தால் கெட்டுவிட்டது. அடித்தட்டைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் காந்தத்தை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய சாம்பல் பசை இருந்தால் அது வயதுக்கு ஏற்ற தேய்மானம். விரலில் குத்துகிற செதில்கள் இருந்தால் பொமென் சொன்னது உண்மை. கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவர் அந்தக் காந்தத்தைக் காட்டத் தயங்கினால் காடியை அங்கே விடாதீர்கள். ஒரு தடவை வடித்து ஊற்றினால் பாதிக்கும் குறைவான எண்ணெய்தான் மாறும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை செய்வது நல்லது.

சிவிடி கியர்பாக்ஸ் காடி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அந்தக் கியர்பாக்ஸில் இரண்டு கூம்பு புல்லிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடுகிறது. மெல்லிய ஊளை கொஞ்சம் இருப்பது அதன் சுபாவம். புதிதாக எடுத்த நாளிலிருந்து மாறாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், மாதத்துக்கு மாதம் கூடினால் காட்டுங்கள். அதில் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றவே கூடாது. எஃகு பெல்ட் வழுக்கி, கூம்பின் முகத்தைக் கீறிவிட்டால் பிறகு எந்த எண்ணெயும் காப்பாற்றாது. மேனுவல் காடிக்காரர்களுக்கு அடையாளம் இன்னும் எளிது. நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, கிளட்சை மிதித்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங். கிளட்சை மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். ரிவர்ஸில் மட்டும் ஊளையிடுவது நேர்ப் பல் கியரின் குணம், அதற்கு மருந்து தேட வேண்டாம்.

சக்கரப் பக்கம் என்று இரண்டாவது சோதனை சொன்னால், நீண்ட வளைவில் கேளுங்கள். வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரங்களில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்தான். 2017 நவம்பரில் பினாங்கில் அந்தப் பெருவெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் பட்டறைக்குச் சக்கர பேரிங் வேலை வந்துகொண்டே இருந்தது. தண்ணீரில் மூழ்கி ஓடிய காடிகள், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே துரு மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். உறுமுவது டயராகவும் இருக்கலாம். உள்ளங்கையை டயரின் மேல்பரப்பில் முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் ரம்பப் பல் மாதிரி தட்டும். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு, சத்தமும் பின்னால் போகிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. பின் இருக்கைக்கு அடியிலிருந்து வந்தால் பெட்ரோல் பம்ப். டாங்கியில் உள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது, பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று அடித்து எப்போதும் சிவப்பு விளக்கிலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் கூவத் தொடங்கும். காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் வெடிப்பு இருந்தால் விசில் வரும், ஐட்லிங்கும் ஆடும். டர்போ காடியில் மெல்லிய விசில் இயல்பு. அது ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி உயர்ந்து, புகைக்குழாயில் நீலப் புகையும் வந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

தம்பி, என் கணிப்பைக் கேட்டால், உங்கள் காடியில் அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ட்டும் அதனால் போன ஆல்டர்நேட்டர் முன் பேரிங்கும். இன்று இரவே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். காடியை நிறுத்தி வைத்து 1,500 சுற்றில் பிடித்துக்கொண்டு, ஏர்கோனைத் தொடாமல், முன்விளக்கு, பின்கண்ணாடிச் சூடு இரண்டையும் மட்டும் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக் கேளுங்கள். விளக்கோடு சத்தம் கனத்து, விளக்கோடு மெலிந்தால், சனிக்கிழமை காலை பெல்ட்டைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதுவரை ஓட்டுவதானால் பேட்டரி விளக்கில் ஒரு கண் இருக்கட்டும். பேரிங் ஒருவேளை இறுகிப் பிடித்துவிட்டால் பெல்ட் அறுந்து, பாலத்தின் நடுவில் ஸ்டீயரிங்கும் சேர்ந்து கனத்துவிடும். அந்த விளக்கு எரிந்தால் வெப்ப முள் ஏறுவதற்குள் இடது ஓரத்துக்கு வந்து நிறுத்திவிடுங்கள். பேரிங் மாற்றிய பிறகு பெல்ட்டை மறுபடி மாட்டும்போது பக்கத்திலேயே நின்று, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுங்கள்.